மணற்கடிகாரம் தராசில் எவ்வளவு கனக்கும்? நகரும் பொருள்களின் எடைப் புதிரை அவிழ்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மிகத் துல்லியமான ஒரு தராசில் மணற்கடிகாரம் ஒன்றை வைக்கிறீர்கள். மணல் முழுவதும் கீழ்க்குமிழில் அசையாமல் கிடக்கிறது. தராசு ஓர் எடையைக் காட்டுகிறது. இப்போது அதைக் கவிழ்த்து வைக்கிறீர்கள். மணல் கொட்டிக்கொண்டிருக்கும்போது தராசு காட்டும் எடை கூடுமா, குறையுமா, மாறாமல் இருக்குமா?

இதைக் கேட்டால் மூன்று கட்சிகள் உடனே பிரிந்துவிடும். "அந்தரத்தில் விழுந்துகொண்டிருக்கும் மணல் எதன் மேலும் உட்காரவில்லை, அதனால் குறையும்" என்பது முதல் கட்சி. "விழுகிற மணல் அடியில் வந்து மோதுகிறதே, அதனால் கூடும்" என்பது இரண்டாவது. "குறைவதும் கூடுவதும் சரிக்குச் சரி, அதனால் மாறாது" என்பது மூன்றாவது. பல ஆண்டுகள் நானும் மூன்றாவது கட்சியில்தான் இருந்தேன். அது ஏறக்குறைய சரி. அந்த 'ஏறக்குறைய' எங்கிருந்து வருகிறது என்று பார்த்த நாளில்தான் இந்தப் புதிர் எனக்கு உண்மையில் புரிந்தது. உங்களையும் அங்கே கூட்டிப்போகப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பு இயற்பியல் நினைவிருந்தால் போதும்.

படி 1: எல்லைக்கோடு கிழியுங்கள்

கணக்கைத் தொடங்குமுன், எவையெல்லாம் தராசின் பொறுப்பு என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கண்ணாடி, அதற்குள் இருக்கும் மணல், அடைபட்ட காற்று எல்லாவற்றையும் சுற்றி மனதில் ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்குள் ஒன்றையொன்று தள்ளுவதும் இழுப்பதும் மோதுவதும் உள்வீட்டு விவகாரம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அவை சோடி சோடியாக அடிபட்டுப்போகும். கோட்டுக்கு வெளியிலிருந்து செங்குத்தாக வரும் விசைகள் இரண்டே: கீழ்நோக்கிப் புவியீர்ப்பு, மேல்நோக்கித் தராசின் தாங்குவிசை.

தராசு அறிவது அந்தத் தாங்குவிசையை மட்டுமே. சமையலறை டிஜிட்டல் தராசுக்குள் ஓர் உலோகத் துண்டு மிக மிகச் சிறிதளவு வளைகிறது. அந்த வளைவைத்தான் அது கிராமாக மாற்றிக் காட்டுகிறது. உள்ளே எவ்வளவு நிறை இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. புதிர் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

படி 2: ஒரே ஒரு சமன்பாடு

தராசு காட்டும் விசை = மொத்த எடை + (மொத்த நிறை × நிறை மையத்தின் மேல்நோக்கிய முடுக்கம்)

கோட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றின் சராசரி இருப்பிடம்தான் நிறை மையம். அது மேல்நோக்கி முடுக்கினால் தராசு கூடுதலாகக் காட்டும். கீழ்நோக்கி முடுக்கினால் குறைவாகக் காட்டும். சீரான வேகத்தில் எந்தத் திசையில் போனாலும் எடை மாறாது.

இதை உடம்பால் உணர்ந்துகொள்ள லிஃப்டைவிட நல்ல இடம் இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் எடை பார்க்கும் கருவியோடு லிஃப்டில் ஏறுகிறார் என்று வையுங்கள். லிஃப்ட் நொடிக்கு 1 மீட்டர் வீதம் வேகம் கூட்டிக்கொண்டு மேலே கிளம்பினால் கருவி சுமார் 66 கிலோ காட்டும். பிறகு சீரான வேகத்தில் ஏறும்போது 60. மேல்தளத்தில் நிற்பதற்காக அதே அளவு வேகம் குறையும்போது 54. அந்தக் கடைசிக் கட்டத்தைக் கவனியுங்கள்: லிஃப்ட் மேலேதான் போய்க்கொண்டிருக்கிறது, எடையோ குறைகிறது. நகரும் திசைக்கு இங்கே வேலையில்லை, வேகம் எந்தப் பக்கம் மாறுகிறது என்பதற்குத்தான் வேலை. இந்தப் புதிரில் தடுக்கி விழுபவர்களில் பெரும்பாலோர் தடுக்குவது இந்த இடத்தில்தான். மனதில் பதியும்வரை இரண்டு முறை லிஃப்டில் போய்வந்தாலும் தப்பில்லை.

படி 3: மணலுக்கு வருவோம், எண்களோடு

பெரிய மணற்கடிகாரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்கு வசதியாக இரண்டு குமிழ்களும் நேரான உருளைகள், கழுத்து மட்டும் குறுகல். மணல் 300 கிராம். 5 நிமிடத்தில், அதாவது 300 நொடியில், காலியாகும். ஆக, நொடிக்கு 1 கிராம். மேற்குமிழில் மணல் 5 சென்டிமீட்டர் உயரம் நிற்கிறது. கழுத்திலிருந்து அடித்தளம்வரை 15 சென்டிமீட்டர்.

நொடிக்கு 1 கிராம் என்பது முதலிலிருந்து கடைசிவரை ஏறக்குறைய மாறாது. தண்ணீர் அப்படி நடந்துகொள்ளாது: தொட்டியில் மட்டம் இறங்க இறங்கக் குழாயில் வேகம் குறையும். மணலிலோ மேலே எவ்வளவு குவிந்திருக்கிறது என்பது கழுத்தில் கொட்டும் வீதத்தை அநேகமாகப் பாதிப்பதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் பெவர்லூவும் அவருடைய சகாக்களும் 1961இல் விதைகளைத் துளைகள் வழியே கொட்டவிட்டு, வீதம் எதைப் பொறுத்தது என்று ஒரு சூத்திரம் தந்தார்கள். துளையின் அகலம் அதில் உண்டு, மேலே நிற்கும் உயரம் இல்லை. மணல் கடிகாரமாகப் பயன்பட்டதற்கே காரணம் இந்தக் குணம்தான். நம் கணக்கும் இதனால்தான் சுத்தமாக வருகிறது.

இப்போது நகரும் மணல் முழுவதன் உந்தத்தை (நிறை × வேகம்) கண்டுபிடிக்க வேண்டும். அது நொடிக்கு எவ்வளவு மாறுகிறதோ அதுவே சமன்பாட்டில் உள்ள 'நிறை × முடுக்கம்'. ஒவ்வொரு மணியின் வேகத்தையும் தேடிப்போக வேண்டியதில்லை. எந்த உயரத்தில் ஒரு கிடைக்கோடு போட்டாலும், நொடிக்கு அதைக் கடந்து இறங்கும் மணல் அதே 1 கிராம்தான். மேற்குமிழில் அகலமாக, ஆமை வேகத்தில் இறங்குகிறது. அந்தரத்தில் மெல்லிய இழையாக, வேகமாக இறங்குகிறது. அகலமும் வேகமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்திலும் இருக்கும் உந்தம் ஒரே அளவுதான். ஆகவே:

கீழ்நோக்கிய மொத்த உந்தம் = கொட்டும் வீதம் × (மேல் மணல் மட்டத்துக்கும் கீழ் மணல் மட்டத்துக்கும் உள்ள உயரம்)

தொடக்கத்தில் அந்த உயரம் 5 + 15 = 20 சென்டிமீட்டர். எனவே உந்தம் 20 அலகு. இங்கே ஓர் அலகு என்பது 1 கிராம் மணல் நொடிக்கு 1 சென்டிமீட்டர் வேகத்தில் போகும்போது இருக்கும் உந்தம். முடிவில் மேல்மட்டம் கழுத்துக்கு இறங்கியிருக்கும், கீழ்மட்டம் 5 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். உயரம் 10, உந்தமும் 10 அலகு.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். கொட்டும் வீதம் மாறவில்லை, மணல் இழையும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் கீழ்நோக்கிய உந்தம் 20இலிருந்து 10க்கு மெல்ல மெல்லக் குறைகிறது. கீழ்நோக்கிப் போகும் ஒன்று வேகம் குறைந்தால் அதன் முடுக்கம் மேல்நோக்கி. அப்படியானால் இரண்டாம் படியின் சமன்பாடு சொல்வது என்ன? மணல் கொட்டிக்கொண்டிருக்கும் அந்த 5 நிமிடமும் தராசு உண்மை எடையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும்.

எவ்வளவு கூடுதல்? 300 நொடியில் 10 அலகு. நொடிக்கு முப்பதில் ஒரு பங்கு. கிராமுக்கு மாற்றினால் சுமார் 34 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. வீட்டுத் தராசு எதுவும் இதைக் காட்டாது. ஆனால் அது பூச்சியம் இல்லை.

"மோதுகிறதே, அதனால் கூடும்" என்ற இரண்டாவது கட்சி விடையில் ஜெயித்துவிட்டது, காரணத்தில் தோற்றுவிட்டது. மோதலால் வரும் கூடுதல் அந்தரத்தில் இருக்கும் மணலின் எடைக்கு ஈடாகிவிடுகிறது. எஞ்சி நிற்கும் நூலளவு வேறு இடத்திலிருந்து வருகிறது: மேல்மட்டம் இறங்குகிறது, கீழ்மட்டம் ஏறுகிறது, மணல் பயணம் செய்ய வேண்டிய தூரம் சுருங்கிக்கொண்டே போகிறது.

படி 4: தொடக்கமும் முடிவும்

கவிழ்த்து வைக்கும்போது கழுத்து அடைபட்டிருந்தது, பிறகு திறந்தோம் என்று வையுங்கள். திறந்த கணத்தில் மணல் விழத் தொடங்குகிறது, ஆனால் இன்னும் அடியைத் தொடவில்லை. 15 சென்டிமீட்டர் விழ சுமார் 0.175 நொடி ஆகும். அதற்குள் அந்தரத்தில் சேர்ந்திருக்கும் மணல் 0.175 கிராம். அந்தக் குறுகிய நேரத்தில் தராசு சிறிது சிறிதாக அந்த அளவுவரை குறைத்துக் காட்டி, முதல் மணி அடியில் பட்டதும் மீளும். முதல் கட்சி இங்கே சரி.

முடிவில் இதற்கு நேர்மாறு. கழுத்தில் மணல் தீர்ந்துவிட்டது, அந்தரத்தில் இருந்தவை இன்னும் வந்து விழுந்துகொண்டிருக்கின்றன. மோதல் அப்படியே தொடர, அந்தரத்து மணல் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. 10 சென்டிமீட்டர் விழும் 0.14 நொடிக்குத் தராசு உயர்ந்து, சுமார் 0.14 கிராம் கூடுதலைத் தொட்டு, சட்டென்று உண்மை எடைக்கு வந்து நிற்கும்.

இப்போது கணக்கைச் சரிபாருங்கள். எனக்கு மிகப் பிடித்த இடம் இது. தொடக்கத்தில் உந்தம் பூச்சியத்திலிருந்து 20 அலகுக்குப் போனது. அது தராசு குறைத்துக் காட்டியதால் வந்த கடன் (இதில் 15 அந்தரத்து இழைக்கு, 5 மேற்குமிழ் மணல் நகரத் தொடங்கியதற்கு). நடுவில் 300 நொடி முழுக்க, 34 மைக்ரோகிராம் வீதம் சிறுகச் சிறுக 10 அலகு அடைபட்டது. மீதி 10 அலகு கடைசி 0.14 நொடியில் ஒரே மூச்சில் அடைபட்டது. கையிருப்பு பூச்சியம்.

இது தற்செயல் அல்ல. அசையாமல் தொடங்கி அசையாமல் முடியும் எதற்கும், தராசு காட்டிய விசையின் காலச் சராசரி உண்மை எடைக்கு மிகச் சரியாகச் சமம். தராசின் மேல் நின்றபடி அம்மானை ஆடும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று காய்களில் எப்போதும் ஒன்றாவது அந்தரத்தில்தான் இருக்கிறது. அதற்காகத் தராசு ஒரு காயின் எடையைக் கழித்துக் காட்டாது. எறியும்போதும் பிடிக்கும்போதும் கை கொடுக்கும் கூடுதல் விசை அதை நிரப்பிவிடும். மூன்று காயோடு போனால் தாங்காத பாலத்தை, எறிந்து பிடித்துக்கொண்டே கடந்துவிடலாம் என்று சொல்லும் பழைய புதிருக்கும் விடை இதுதான்: கடக்க முடியாது.

கலிலியோவின் வாளிகள்

இதுபோன்ற பரிசோதனையை முதலில் செய்து எழுதிவைத்தவர்களில் ஒருவர் கலிலியோ. மோதலின் விசையை எப்படி அளப்பது என்பது அவரை விடாமல் தொந்தரவு செய்த கேள்வி. 1638இல் வெளிவந்த அவருடைய கடைசிப் பெரிய நூலுக்கென எழுதிய ஒரு பகுதியில் இது வருகிறது. அந்தப் பகுதி அச்சேறியது அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து, 1718இல்.

தராசுக் கோலின் ஒரு பக்கத்தில் இரண்டு வாளிகள், ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்குகின்றன. மேல்வாளியில் தண்ணீர், அதன் அடியில் அடைத்துவைத்த துளை. மறுபக்கத்தில் சமன்செய்யும் எடை. துளையைத் திறந்தால் தண்ணீர் கீழ்வாளியில் அறைந்து அந்தப் பக்கத்தைத் தாழ்த்தும், எவ்வளவு எடை கூட்டினால் சமன் ஆகிறதோ அதுவே மோதலின் விசை என்பது எதிர்பார்ப்பு. நடந்ததோ வேறு. திறந்ததும் வாளிப் பக்கம் உயர்ந்தது. தண்ணீர் கீழ்வாளியைத் தொட்டதும் கோல் சமநிலைக்குத் திரும்பி, ஒழுகும் நேரமெல்லாம் அப்படியே நின்றது. நியூட்டனின் விதிகள் 1687இல்தான் வெளிவந்தன. நாம் நான்காம் படியில் கணக்குப் போட்டு அறிந்த தொடக்கப் பள்ளத்தை, கணக்குக்கான கருவி பிறக்கும் முன்பே கலிலியோ கண்ணால் பார்த்திருக்கிறார்.

இதை நீங்களும் செய்யலாம். நீளமான ஒரு கம்பை நடுவில் கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு பிளாஸ்டிக் பாட்டில்களை வெட்டி, சுமார் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக ஒரு முனையில் கட்டுங்கள். நொடிக்கு 50 கிராம் ஒழுகும் துளை என்றால் முதல் 0.3 நொடியில் 15 கிராம் அந்தரத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரிய அது தாராளம். அடைப்பை ஒரு நூலில் கட்டி, அந்த நூலைக் கிடைமட்டமாகப் பக்கவாட்டில் இழுத்து எடுங்கள். கீழ்நோக்கி இழுத்தால் உங்கள் கையின் விசையும் கணக்கில் சேர்ந்துவிடும். மொபைலில் ஸ்லோமோஷனில் படம் பிடித்தால் அந்தச் சிறு துள்ளல் தெளிவாகத் தெரியும். டிஜிட்டல் தராசு இதற்கு உதவாது, பல வாசிப்புகளைச் சராசரி எடுத்துக் காட்டுவதால் அதன் திரை மிக மெதுவாக மாறும்.

படி 5: தண்ணீருக்குள் ஒரு பந்து

இதற்கு டிஜிட்டல் தராசே போதும். ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூச்சியமாக்குங்கள். டம்ளரைத் தொடாமல் ஒரு விரலைத் தண்ணீருக்குள் விடுங்கள். எண் ஏறும். விரல் எத்தனை மில்லிலிட்டர் தண்ணீரை விலக்கியதோ அத்தனை கிராம். தண்ணீர் விரலை மேலே தள்ளுகிறது, விரல் தண்ணீரைக் கீழே தள்ளுகிறது.

அடுத்து, 5 கிராம் எடையும் 2 மில்லிலிட்டர் பருமனும் கொண்ட ஒரு கண்ணாடிக் கோலிக்குண்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு 2 கிராம் காட்டும், மீதி 3 கிராமை உங்கள் கை தாங்குகிறது. நூலை விட்டுவிட்டால்? குண்டு அடியைத் தொட்டதும் 5 கிராம், அது எல்லாருக்கும் தெரியும். மூழ்கிக்கொண்டிருக்கும்போது என்ன என்பதுதான் கேள்வி. விட்ட கணத்தில் அது வேகம் பிடிக்கிறது. தன்னோடு நகர்த்த வேண்டிய தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் அதன் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் பாதி. அப்போது தராசு காட்ட வேண்டியது சுமார் 3.5 கிராம். வேகம் நிலைக்க நிலைக்க அது 5ஐ நெருங்கும். டம்ளரில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். உயரமான கண்ணாடிக் குழாயில் கிளிசரின் போன்ற கெட்டியான திரவத்தை நிரப்பி ஒரு குண்டை விட்டால், அது சீராக இறங்கிக்கொண்டிருக்கும்போதே தராசு முழு எடையைக் காட்டுவதை நிதானமாகப் பார்க்கலாம். எதையும் தொடாமல் அந்தரத்தில் இறங்கும் குண்டின் எடை முழுவதையும் திரவம் அடித்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இப்போது தலைகீழாக ஒன்று. 2.7 கிராம் எடையுள்ள டேபிள் டென்னிஸ் பந்தை, அகலமான ஒரு பாத்திரத்தின் அடியில் நூலால் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தி வைத்திருக்கிறீர்கள். நூலை அறுக்கிறீர்கள். பந்து மேலே பாய்கிறது. தராசு அந்தக் கணத்தில் கூடுமா, குறையுமா? "மேல்நோக்கி முடுக்கம், ஆகவே கூடும்" என்று வாய் முந்திக்கொள்ளும். கோட்டுக்குள் இருக்கும் எல்லாவற்றையும் பாருங்கள். பந்து மேலே போக, அது விட்ட இடத்தை நிரப்ப 33.5 கிராம் தண்ணீர் கீழே வருகிறது. நிறை மையம் கீழ்நோக்கி முடுக்குகிறது. தராசு குறைத்துக் காட்டும், கணக்குப்படி முதல் கணத்தில் சுமார் 49 கிராம்வரை. பந்தின் எடையைப் போலப் பல மடங்கு! முதல் படியில் எல்லைக்கோட்டை ஏன் அவ்வளவு வலியுறுத்தினேன் என்பது இங்கே தெரியும். பந்தை மட்டும் பார்ப்பவருக்குத் திசையே தவறிவிடும்.

படி 6: பெட்டிக்குள் பறவை

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கேள்வி. மூடிய பெட்டிக்குள் பறவை பறந்துகொண்டிருந்தால் பெட்டியின் எடையில் பறவை சேருமா? கோட்டுக்குள் காற்றும் இருக்கிறது. பறவை ஒரே உயரத்தில் நின்று பறந்தால் நிறை மையம் சராசரியாக முடுக்கவில்லை, முழு எடையும் சேரும். சிறகு காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று பெட்டியின் தரையை அழுத்துகிறது. கம்பிவலைக் கூண்டு என்றால் தள்ளப்பட்ட காற்று கோட்டைத் தாண்டி வெளியே போய்விடும், அதன் அழுத்தத்தில் ஒரு பங்கு தராசுக்கு வந்து சேராது.

கோழி லாரியை எடை மேடையில் நிறுத்தி, பக்கவாட்டில் தட்டிப் பறவைகளைக் கிளப்பிவிட்டு எடையைக் குறைக்கப் பார்ப்பதாக ஒரு கதை உண்டு. மூடிய லாரியில் 500 கிலோ பறவைகள் ஒரே நேரத்தில் நொடிக்கு 2 மீட்டர் வீதம் வேகம் கூட்டி மேலெழுந்தால், மேடை அந்தக் கணத்தில் சுமார் 100 கிலோ கூடுதலாகத்தான் காட்டும்.

பறக்கும் பறவையின் முழு எடையும் சேர்வது சராசரியில் மட்டும்தான், ஒவ்வொரு கணமும் அப்படி இல்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் லென்டிங்கின் குழு, தகடுகளை மிக நுண்ணிய விசை உணரிகளோடு இணைத்து ஒரு பறப்புப் பெட்டியைக் கட்டியது. அதற்குள் பாரட்லெட் என்ற சின்னஞ்சிறு கிளிகளைப் பறக்கவிட்டு, 2015இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறகு கீழே அடிக்கும்போது பெட்டி உணர்ந்தது கிளியின் எடையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. சிறகு மேலே வரும்போது கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. கிளியின் உடம்பில் ஓர் உணரிகூட ஒட்டவில்லை, அதைச் சுற்றியிருந்த பெட்டியின் தோற்ற எடையைப் பார்த்தே ஒவ்வொரு சிறகடிப்பையும் அளந்துவிட்டார்கள்.